முருங்கையும் ஹைட்ராவும்: 'ஆன்டிஃப்ராஜைல்' மூன்றாம் வாசிப்பு

நசீம் நிக்கோலஸ் தாலெப் எழுதிய 'ஆன்டிஃப்ராஜைல்' புத்தகத்தைப் போன மாதம் மூன்றாவது தடவையாகப் படித்து முடித்தேன். 2012 நவம்பரில் வெளிவந்த புத்தகம். முதல் தடவை படித்தது 2014-ல். அப்போ இருந்த உற்சாகத்தில் டீமில் நாலு பேருக்கு வாங்கிக் கொடுத்தேன். இரண்டாவது தடவை 2020 கடைசியில். பாதியிலேயே கோபம் வந்து மூடி வைத்துவிட்டேன். இந்தத் தடவை நோட்டும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். ஒரே புத்தகம் ஒரே ஆளுக்கு எப்படி இரண்டு விதமாகத் தெரிந்தது? அதைக் கண்டுபிடிக்கணும் என்பதுதான் நோக்கம்.

நான் பொருளாதாரம் படித்தவன் இல்லை. பி.இ. முடித்துவிட்டு இருபது வருடத்துக்கு மேல் மென்பொருள் எழுதிக்கொண்டிருப்பவன். எப்போ எது விழும் என்று தெரியாத சர்வர்களோடு வாழ்வதால், நிச்சயமின்மை பற்றிய புத்தகங்கள் எனக்குப் பொழுதுபோக்கு இல்லை, தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். அந்தக் கண்ணோடுதான் இதை எழுதுகிறேன்.

புத்தகம் என்ன சொல்கிறது

தாலெப் 1960-ல் லெபனானின் அமியூன் ஊரில் பிறந்தவர். 1975-ல் தொடங்கிய உள்நாட்டுப் போரைப் பள்ளி வயதில் பார்த்தவர். பிறகு ஆப்ஷன் வர்த்தகர் ஆனார். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தபோது, மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, இவர் லாபம் பார்த்தார். 2007-ல் 'தி ப்ளாக் ஸ்வான்' வந்தது. அடுத்த வருடமே உலக நிதி நெருக்கடியும் வந்ததால் பெரிய பெயர் கிடைத்தது.

'ஆன்டிஃப்ராஜைல்' புத்தகத்தின் மூலக் கருத்து எளிமையானது. பார்சல் மேல் 'உடையும், கவனம்' என்று எழுதுகிறோம். அதற்கு எதிர்ப்பதம் என்ன? 'உறுதியானது' என்று சொல்வோம். தாலெப் இல்லை என்கிறார். உறுதியான பொருளைத் தூக்கிப் போட்டால் அதற்கு ஒன்றும் ஆகாது, அவ்வளவுதான். உண்மையான எதிர்ப்பதம், 'தயவுசெய்து தூக்கிப் போடவும்' என்று எழுத வேண்டிய பார்சல். அடிபட்டால் மேம்படும் பொருள்.

இதற்கு மூன்று கிரேக்க உருவங்களைக் காட்டுகிறார். டாமோக்ளிஸின் தலைக்கு மேல் ஒற்றை முடியில் தொங்கும் வாள்: சின்ன அதிர்வு போதும், கதை முடிந்தது. பீனிக்ஸ் பறவை: எரிந்தாலும் பழையபடி எழும், ஆனால் பழையபடிதான். ஹைட்ரா என்கிற பல தலைப் பாம்பு: ஒரு தலையை வெட்டினால் இரண்டு முளைக்கும். மூன்றாவதுதான் 'ஆன்டிஃப்ராஜைல்'.

இதிலிருந்து வாழ்க்கைக்கு ஒரு வழி சொல்கிறார். எதிர்காலத்தைக் கணிக்க முயலாதே. கணிப்பு தப்பானாலும் உனக்குக் கெடுதல் குறைவாகவும் நல்லது அதிகமாகவும் நடக்கிற மாதிரி உன் நிலையை அமைத்துக்கொள். இதற்கு அவர் வைக்கும் உருவகம் பார்பெல்: இரண்டு பக்கம் எடை, நடுவில் வெறும் கம்பி. சொத்தில் 90 சதவீதத்தை மிகப் பாதுகாப்பாக வை. மீதி 10 சதவீதத்தைத் துணிச்சலான விஷயங்களில் போடு. எவ்வளவு மோசமானாலும் போவது அந்த 10 சதவீதம்தான்; நல்லது நடந்தால் அதற்கு வரம்பு இல்லை.

இந்தத் தர்க்கத்தில் ஓட்டை இல்லை. முதல் வாசிப்பில் எனக்கு வந்த உற்சாகம் போலியும் இல்லை. அதற்கு முன்னால் நாங்கள் ப்ராஜெக்ட் பிளான் போடுவதே, அடுத்த எட்டு மாதத்தில் எந்த நாளில் என்ன நடக்கும் என்று எக்செல்லில் ஜோசியம் எழுதுகிற மாதிரித்தான் இருக்கும். 'கணிக்காதே, தாங்குகிற மாதிரி கட்டு' என்று ஒருத்தர் சொன்னது பெரிய விடுதலையாக இருந்தது.

நம்மூரில் இதற்குப் பேர் முருங்கை

சொல்லப்போனால் இந்தக் கருத்து நமக்குப் புதுசே இல்லை. 'முருங்கையை ஒடிச்சு வளக்கணும், பிள்ளையை அடிச்சு வளக்கணும்' என்று கிராமத்தில் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். முருங்கை சரியான ஹைட்ரா. கிளையை வெட்டி விட்டால் வெட்டின இடத்துக்குக் கீழே நாலு துளிர் வரும். வெட்டாமல் விட்டால் உயரமாகப் போய், காற்றடித்தால் மளுக்கென்று ஒடியும்.

ஆனால் பழமொழியின் முதல் பாதிக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. முருங்கை வைத்த எல்லாருக்கும் தெரியும் என்பதால் அதை யாரும் சொல்வதில்லை. வேர் பிடித்த மரத்தைத்தான் ஒடிக்கலாம். நேற்று நட்ட போத்தை ஒடித்தால் அது பட்டுப்போகும். வேரிலும் அடிமரத்திலும் சேர்த்து வைத்தது இருப்பதால்தான் வெட்டுக்குப் பிறகு தழைக்கிறது. தழைக்க வைப்பது அந்தச் சேமிப்பு. வெட்டு அதைத் தூண்டிவிடுகிறது, அவ்வளவுதான்.

பழமொழியின் இரண்டாவது பாதி என்ன ஆனது என்பதும் நமக்குத் தெரியும். அடி வாங்கி வளர்ந்தவர்களில் நன்றாக வந்தவர்கள் மேடையில் பேசுகிறார்கள், 'அன்னிக்கு வாத்தியார் அடிச்சதாலதான்' என்று. அடியால் படிப்பை விட்டு ஓடினவர்களுக்கு மேடை கிடைப்பதில்லை. அதனால் அடி வேலை செய்கிறது என்கிற முடிவு நமக்குள் உறுதியாகிவிடுகிறது. தப்பிப் பிழைத்தவர்களை மட்டும் எண்ணும் இந்தப் பிழையைப் பற்றித் தாலெப்பே 2001-ல் ஒரு முழுப் புத்தகம் எழுதியிருக்கிறார் (ஃபூல்டு பை ராண்டம்னெஸ்). அடிபட்டால் வளரலாம் என்று சொல்லும்போது அந்த எச்சரிக்கையை இன்னும் அழுத்தியிருக்க வேண்டும் என்பது என் முதல் குறை.

ஹைட்ராவின் தலைக்கு என்ன ஆகும்?

2020-ல் நான் வேலை பார்த்த நிறுவனத்தில் ஆட்குறைப்பு நடந்தது. எங்கள் டீமில் ஐந்தில் ஒருவருக்கு வேலை போனது. இரண்டு மாதம் கழித்து நடந்த கூட்டத்தில் மேலிடத்திலிருந்து ஒருவர், நாம் இந்த அடியிலிருந்து முன்னைவிட வலுவாக வெளியே வந்திருக்கிறோம் என்று பேசினார். 'ஆன்டிஃப்ராஜைல்' என்கிற வார்த்தையையும் பயன்படுத்தினார். அவர் சொன்ன கணக்கு பொய் இல்லை. செலவு குறைந்திருந்தது, வேலை வேகமாகியிருந்தது.

போனவர்களில் ஒருவர் எங்கள் மூத்த டெஸ்டர். 46 வயது, வீட்டுக் கடன், காலேஜில் ஒரு பையன். நான் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். பழையதைவிடப் பாதிக்குக் கொஞ்சம் மேல் சம்பளத்துக்கு ஒரு வேலையில் சேர்ந்தார். பிறகு ஒருநாள் போனில் சொன்னார்: "தம்பி, ஒரு ஆறு மாசம் சம்பளம் இல்லாம ஓட்டுற மாதிரி கையில இருந்திருந்தா, வந்த முதல் வேலையையே ஒத்துக்கிட்டிருக்க மாட்டேன்."

இரண்டாவது வாசிப்பில் நான் புத்தகத்தை மூடி வைத்தது அந்த வாரத்தில்தான். வெட்டுப்பட்டு வளர்ந்தது ஹைட்ரா. வெட்டுப்பட்ட தலை கீழே கிடக்கிறது. புதுசாக முளைத்த இரண்டு தலையும் வேறு தலைகள்.

நியாயமாகச் சொன்னால், இது தாலெப்புக்குத் தெரியாதது இல்லை. அவரே தெளிவாக எழுதுகிறார்: ஒரு ஊரின் ஓட்டல்கள் தனித்தனியாக எளிதில் நொடிந்துபோகும், அப்படி நொடிவதால்தான் அந்த ஊரின் சாப்பாடு ஒட்டுமொத்தமாகத் தரமாக இருக்கிறது. ஒவ்வொரு விமான விபத்தும் அடுத்த பயணத்தைப் பாதுகாப்பாக்குகிறது. உறுப்புகள் உடைவதுதான் முழுமைக்கு வலு. தோற்றுப்போன தொழில்முனைவோரை, போரில் இறந்த வீரர்களைப் போல மதிக்க ஒரு தேசிய நாள் வேண்டும் என்றும் கேட்கிறார். அந்த இடத்தில் அவர் மனம் சங்கடப்படுவது தெரிகிறது.

ஆனால் சங்கடத்தோடு நின்றுவிடுகிறார். வருடத்துக்கு ஒரு நாள் மரியாதை செய்தால் அண்ணனுடைய இஎம்ஐ கட்டப்படாது. புத்தகத்தைப் படிக்கும் ஒவ்வொருவரும் தன்னை ஹைட்ராவாக நினைத்துப் படிக்கிறோம். 'நான் எப்படி ஆன்டிஃப்ராஜைல் ஆவது?' என்று சுயமுன்னேற்றப் பேச்சாளர்கள் இதை எடுத்துக்கொண்டதற்கு அதுதான் காரணம். பெரும்பாலான நேரம், பெரும்பாலான பேர், ஏதோ ஒரு ஹைட்ராவின் தலை. முதலில் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: இந்த இடத்தில் நான் பாம்பா, தலையா?

குரங்கு பகலில்தான் வேலை செய்யும்

என் தொழிலில் இந்தக் கருத்துக்கு ஒரு பிரபலமான உதாரணம் உண்டு: நெட்ஃப்ளிக்ஸின் கேயாஸ் மங்கி. 2008 ஆகஸ்டில் அவர்களுடைய டேட்டாபேஸ் கெட்டுப்போய், மூன்று நாள் டிவிடி அனுப்ப முடியாமல் போனது. அதற்குப் பிறகு கிளவுடுக்கு மாறினார்கள். அங்கே, ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் அணைக்கும் ஒரு புரோகிராமை எழுதினார்கள். 2012-ல் அதன் மூல நிரலை எல்லாருக்கும் திறந்துவிட்டார்கள். ஏன் இப்படித் தங்கள் தலையில் தாங்களே மண் போட்டுக்கொள்ள வேண்டும்? சர்வர் எப்படியும் ஒருநாள் சாகும். அது அடிக்கடி செத்தால் எஞ்சினியர்கள் அதைத் தாங்குகிற மாதிரி எழுதப் பழகுவார்கள் என்பதுதான் யோசனை. நன்றாக வேலை செய்தது.

'குழப்பத்தை வரவேற்போம்' என்று பேசுபவர்கள் இந்தக் கதையை இதோடு நிறுத்திவிடுவார்கள். மிச்சத்தையும் சொல்லணும். அந்தக் குரங்கு வேலை நாளில், ஆபீஸ் நேரத்தில் மட்டும்தான் சர்வரை அணைக்கும். பிரச்சினை வந்தால் சரிசெய்ய ஆட்கள் விழித்துக்கொண்டு, காபியோடு உட்கார்ந்திருப்பார்கள். அணைக்கிற ஒவ்வொரு சர்வருக்கும் மாற்றாக வேறு சர்வர்கள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். பிற்பாடு இதிலிருந்து வளர்ந்த கேயாஸ் எஞ்சினியரிங் துறையின் அடிப்படை விதிகளில் ஒன்று, சேதத்தின் பரப்பைச் சின்னதாக வைத்துக்கொள் என்பது. அளவு தெரிந்த, நேரம் தெரிந்த, மாற்று உள்ள குழப்பம் இது. தடுப்பூசி மாதிரி.

மாற்று இல்லாத குழப்பத்துக்கும் உதாரணம் இருக்கிறது. அதே 2012-ல், ஆகஸ்ட் 1 அன்று, நைட் கேப்பிடல் என்கிற அமெரிக்கப் பங்கு வர்த்தக நிறுவனம் புது மென்பொருளை எட்டு சர்வர்களில் ஏழில் மட்டும் ஏற்றியிருந்தது. எட்டாவதில் வருடக்கணக்காகப் பயன்படாத பழைய நிரல் விழித்துக்கொண்டது. சுமார் 45 நிமிடம். சுமார் 44 கோடி டாலர் நஷ்டம். அடுத்த வருடம் அந்த நிறுவனம் இன்னொன்றோடு இணைக்கப்பட்டுவிட்டது. அந்த விபத்திலிருந்து கற்றுக்கொண்டது யார்? நாங்கள் எல்லாரும். டிப்ளாய்மென்ட் பற்றிய எந்தப் பயிற்சியிலும் இன்றைக்கும் அந்தக் கதை வரும். கற்றுக்கொள்ள முடியாமல் போனது நைட் கேப்பிடல் மட்டும்தான்.

இரண்டுக்கும் வித்தியாசம் தைரியமோ மனப்பான்மையோ இல்லை. ஒன்றில் சேமிப்பு இருந்தது, இன்னொன்றில் இல்லை.

லண்டன் டாக்ஸிக்காரர்

புத்தகத்தில் இரட்டைச் சகோதரர்கள் வருகிறார்கள். ஒருவர் பெரிய வங்கியில் மாதச் சம்பளக்காரர். இன்னொருவர் லண்டனில் டாக்ஸி ஓட்டுபவர். வங்கிக்காரரின் வருமானம் சீராக இருக்கிறது, ஆனால் வேலை போனால் ஒரேயடியாகப் பூஜ்யம். டாக்ஸிக்காரரின் வருமானம் தினமும் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கமே எந்த இடத்தில் சவாரி கிடைக்கும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கிறது. அதனால் ஆபத்து அதிகம் இருப்பது வங்கிக்காரருக்குத்தான் என்கிறார் தாலெப்.

அழகான உதாரணம்தான். ஆனால் புத்தகம் வெளிவந்த அதே 2012-ல்தான் ஊபர் லண்டனுக்குள் வந்தது. 2014 ஜூனில் கறுப்பு டாக்ஸிக்காரர்கள் தெருவை மறித்துப் போராடினார்கள். தினசரி ஏற்ற இறக்கம் அவர்களுக்கு எத்தனையோ கற்றுக்கொடுத்திருக்கும், இதைக் கற்றுக்கொடுக்கவில்லை. சின்னச் சின்ன அடிகள் பெரிய அடிக்குத் தயார்படுத்தும் என்பது, இரண்டு அடியும் ஒரே வகையாக இருந்தால்தான் உண்மை.

இன்னொன்று. சென்னையில் நாள் வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுபவரை நினைத்துப் பாருங்கள். அவருக்கும் வருமானம் ஏறி இறங்குகிறது. ஆனால் காலையிலேயே வாடகை நிச்சயம், காஸ் செலவு நிச்சயம். மழை பெய்தால் நஷ்டம் அவருடையது. சவாரி அதிகம் கிடைத்தாலும் ஒரு நாளைக்கு ஓட்டக்கூடிய மணி நேரத்துக்கு வரம்பு இருக்கிறது. மேல்பக்கம் அடைப்பு, கீழ்ப்பக்கம் திறப்பு. தாலெப்பின் சொந்தக் கணக்குப்படியே இதுதான் 'ஃப்ராஜைல்'. ஏற்ற இறக்கம் யாருக்கும் தானாக நல்லது செய்வதில்லை. கீழே ஒரு தரையும், வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் இருந்தால்தான் செய்யும்.

அண்ணன் போனில் சொன்னதும் இதுவேதான். அவருக்குத் தேவைப்பட்டது ஆறு மாதச் சம்பளம் என்கிற தரை. அது இருந்திருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். தாலெப் கொண்டாடும் தேலீஸ் கதையிலும் இது இருக்கிறது. ஆலிவ் விளைச்சல் நன்றாக இருக்கப்போகிறது என்று கருதி, பருவத்துக்கு முன்பே செக்குகளுக்குக் கொஞ்சம் முன்பணம் கொடுத்துப் பிடித்து வைத்தார், பிறகு நல்ல லாபத்துக்கு வாடகைக்கு விட்டார் என்று அரிஸ்டாட்டில் எழுதியிருக்கிறார். வானியல் அறிவால் ஜெயித்தார் என்பது அரிஸ்டாட்டிலின் விளக்கம். அறிவு தேவைப்படவில்லை, கையில் ஆப்ஷன் இருந்தது, அவ்வளவுதான் என்பது தாலெப்பின் விளக்கம். இரண்டு பேரும் ஒன்றைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்: விளைச்சல் பொய்த்தால் போகட்டும் என்று விடக்கூடிய அந்தக் கொஞ்சம் முன்பணம் அவரிடம் இருந்தது.

வரிசையின் கணக்கு

பணத்தை விடுங்கள், நேரத்துக்கு வருவோம். அன்றாட வேலையில் வரும் குழப்பத்துக்குப் பெரும்பாலும் காரணம் பிளாக் ஸ்வான் இல்லை. வரிசை.

வரிசைக் கோட்பாட்டில் ஒரு எளிய சூத்திரம் உண்டு. வேலைகள் ஒழுங்கில்லாத இடைவெளியில் வருகின்றன, ஒவ்வொன்றுக்கும் ஆகும் நேரமும் ஒழுங்கில்லை, செய்பவர் ஒருவர். அவருடைய நேரத்தில் எவ்வளவு பங்கு நிரம்பியிருக்கிறதோ அதைக் காலியான பங்கால் வகுத்தால், ஒரு வேலை சராசரியாக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்பது கிடைக்கும்.

50 சதவீதம் நிரம்பியவரிடம் ஒரு மணி நேர வேலை சராசரியாக 1 மணி நேரம் காத்திருக்கும். 80 சதவீதம் என்றால் 4 மணி. 90 என்றால் 9 மணி. 95 என்றால் 19 மணி.

இந்த நாலு எண்ணையும் முதலில் பார்த்தபோது என் பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்த மாதிரி இருந்தது. 90-லிருந்து 95-க்குப் போவது காகிதத்தில் கொஞ்சூண்டு. காத்திருப்பு இரண்டு மடங்குக்கு மேல். காலை எட்டு மணிக்கு ஸ்கூல் வேன் வரவில்லை என்றால் வீடே தலைகீழாவது ஏன்? வேன் பெரிய பிரச்சினை இல்லை. ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு நிமிடம்கூடக் காலி இல்லை, அதுதான் பிரச்சினை. இதில் வீட்டில் யாருடைய காலை அதிகம் நிரம்பியிருக்கிறது என்று பார்த்தால், எங்கள் வீட்டில் அது நான் இல்லை. கணக்கு எனக்குப் புரிந்த வேகத்தில் அது புரியவில்லை.

செந்தில் முல்லைநாதனும் எல்டார் ஷஃபீரும் 2013-ல் எழுதிய 'ஸ்கேர்சிட்டி' புத்தகத்தில், அமெரிக்காவின் மிசோரியில் 32 அறுவை அறைகள் இருந்த ஒரு மருத்துவமனைக் கதை வருகிறது. எல்லா அறைகளும் எப்போதும் நிரம்பி, அவசர கேஸ் வரும்போதெல்லாம் எல்லாம் தள்ளிப்போய், நடு ராத்திரி வரை அறுவை சிகிச்சை நடக்கும். ஒரு ஆலோசகர் வந்து, ஒரு அறையைக் காலியாக விடுங்கள் என்றார். இடம் பத்தாத இடத்தில் இருப்பதையும் குறைப்பதா என்று டாக்டர்கள் எதிர்த்தார்கள். விட்டுப் பார்த்தார்கள். முன்னைவிட அதிகம் பேருக்குச் சிகிச்சை செய்ய முடிந்தது.

தாலெப்பும் இதைத் தொடுகிறார்: இயற்கை நமக்கு இரண்டு சிறுநீரகம் கொடுத்திருக்கிறது, மிகையாக வைத்திருப்பது வீண் இல்லை என்கிறார். ஆனால் 500 பக்கத்தில் இது ஓரமாகத்தான் வருகிறது. என் வாசிப்பில் புத்தகத்தின் மையமே இதுதான். மற்றதெல்லாம் இதன் மேல் நிற்கும் கட்டடம்.

கரும்பு

முல்லைநாதன், ஷஃபீர் குழுவின் இன்னொரு ஆய்வு நம் ஊரிலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களில் 464 கரும்பு விவசாயிகள். ஒரே ஆளுக்கு, கையில் காசு வறண்டிருக்கும் அறுவடைக்கு முன்பும், பணம் வந்த பிறகும், யோசிக்கும் திறனுக்கான சோதனை வைத்தார்கள். அறுவடைக்கு முன்பு மதிப்பெண் குறைவு. 2013-ல் 'சயின்ஸ்' இதழில் வந்தது. புள்ளியியல் முறை மேல் அதே வருடம் எதிர்வாதம் வந்தது, ஆசிரியர்களும் பதில் எழுதினார்கள். அதனால் எவ்வளவு குறைகிறது என்கிற எண்ணை நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் திசையை நம்புகிறேன். கரும்பு போட்ட என் சித்தப்பாவின் வீட்டில் கோடை விடுமுறைகளைக் கழித்தவன் என்பதால்.

ஆலை எப்போ வெட்டச் சொல்லும் என்று தெரியாது. வெட்ட ஆள் எப்போ வரும் என்று தெரியாது. வெட்டி ஏற்றின பிறகு பணம் எப்போ வரும் என்று தெரியாது. 14 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 1966-ம் ஆண்டின் கரும்பு (கட்டுப்பாடு) ஆணை சொல்கிறது. சித்தப்பா மாதக்கணக்கில் காத்திருந்ததை நானே பார்த்திருக்கிறேன். இந்த மூன்று 'தெரியாது'வில் மழையோ பூச்சியோ எதுவும் இல்லை. மூன்றும் மனுஷன் வைத்த நிச்சயமின்மை. ஆலைக்குச் சர்க்கரை விலை பற்றிய கவலை இருக்கிறது. அதைக் கீழே தள்ளி விவசாயியின் கணக்கில் எழுதிவிடுகிறது.

யார் தலையில்

இங்கேதான் தாலெப்போடு எனக்கு முழு உடன்பாடும், பெரிய வேறுபாடும். ஒருவன் லாபத்தைத் தான் வைத்துக்கொண்டு ஆபத்தை மற்றவர் தலையில் கட்டுவது அறத்துக்கு விரோதம் என்று புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கொதிக்கிறார். 2008-க்கு முன்னால் கோடிகளில் சம்பாதித்துவிட்டு, நஷ்டத்தை வரி கட்டுபவர்களிடம் விட்டுப் போன வங்கிக்காரர்களைப் பெயர் சொல்லித் திட்டுகிறார். அந்தப் பக்கங்கள் இன்னும் சூடு ஆறவில்லை.

ஆனால் அவருடைய வில்லன்கள் எல்லாரும் உச்சியில் இருக்கிறார்கள். நிஜத்தில் இது ஒவ்வொரு படியிலும் நடக்கிறது. வாடிக்கையாளர் தன் குழப்பத்தை டெட்லைனாக மாற்றி எங்களிடம் தள்ளுகிறார். நிறுவனம் அதை என்னிடம் தள்ளுகிறது. நான் அதை யாரிடம் தள்ளினேன்?

சில வருடங்களுக்கு முன்னால், என் டீமில் ஒரு இளைஞர் அதிகாலை மூன்று மணிக்குப் புரொடக்‌ஷனில் தப்பான டேபிளை அழித்துவிட்டார். பேக்கப் இருந்தது, ஆறு மணி நேரத்தில் மீட்டுவிட்டோம். விசாரணை அறிக்கையில் காரணம் என்கிற கட்டத்தில் 'மனிதத் தவறு' என்று எழுதி நான் கையெழுத்துப் போட்டேன். அது அவருக்குத் தொடர்ந்து மூன்றாவது வாரம் ராத்திரி ஆன்கால். வரிசையாகப் போட்டது நான். ஆள் பத்தவில்லை, கேட்டால் மேலே கிடைக்காது, அவர் சின்னப் பையன், சமாளிப்பார் என்று நினைத்தேன். முருங்கை ஒடித்தால் தழைக்கும் என்றுகூட மனசுக்குள் சொல்லியிருப்பேன். அவர் அடுத்த வருடம் வேலையை விட்டுப் போனார். அறிக்கை இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

2014-ல் நான் படித்த ஹைட்ரா, நான்தான். 2020-ல் நான் பார்த்த தலை, அண்ணன். இரண்டும் ஒரே புத்தகத்தில் இருந்தன. முதல் தடவை பாம்பின் இடத்தில் நின்று படித்தேன், இரண்டாவது தடவை தலையின் பக்கத்தில் நின்று படித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

படிக்கலாமா?

கட்டாயம் படிக்கலாம். பார்பெல் பற்றிய பகுதி, தேலீஸ், தேவையில்லாமல் தலையிட்டுக் கெடுப்பதைப் பற்றிய அத்தியாயங்கள், கடைசி அறப் பகுதி எல்லாம் நேரத்துக்கு ஈடானவை. நடுவில் பேராசிரியர்களைத் திட்டும் இடங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். படிக்கும்போது மூன்று கேள்வியை ஓரத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இந்த அடியில் வளர்வது யார், உடைவது யார்? உடைந்தால் எழுவதற்குச் சேர்த்து வைத்தது எங்கே இருக்கிறது? இந்த நிச்சயமின்மை தானாக வந்ததா, யாராவது தள்ளிவிட்டதா?

நான் செய்தது சின்ன விஷயங்கள். ஆன்கால் யாருக்கும் தொடர்ந்து இரண்டு வாரம் கிடையாது. ராத்திரி எழுப்பப்பட்டவருக்கு மறுநாள் விடுப்பு. சர்வரை வேண்டுமென்றே அணைத்துப் பார்க்கும் பயிற்சியை மாதம் ஒரு முறை, காலை பதினோரு மணிக்குத்தான் செய்கிறோம். வீட்டில் காலை வேலைகளில் இரண்டை நான் எடுத்துக்கொண்டேன். ஒன்றை இருவருமாகச் சேர்ந்து நிறுத்திவிட்டோம்.

இந்தக் காலாண்டுப் பிளானில் டீமின் நேரத்தில் 20 சதவீதத்தைக் காலியாக விட்டேன். மேனேஜர் அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, யாருக்கும் வேலையே குடுக்கலையா?" என்றார். மேலே சொன்ன நாலு எண்ணையும் எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "சரி, ஒரு காலாண்டு பாக்கலாம்" என்றார். இப்போது இரண்டாவது மாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. முடிந்ததும், நல்லதோ கெட்டதோ, எண்களோடு இங்கே எழுதுகிறேன்.